‘டெவில்ஸ் அட்வகேட்’ என்றால் திட்டா?

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்:
எங்களுக்கு மூன்று ஏக்கர், முழுக்கப் பெங்களூரா மரம். போன வாரம் உழவர் குழுக் கூட்டத்தில், எல்லாருடைய காயையும் ஒரே மாங்கூழ் ஆலைக்குக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. அப்பா எழுந்து, "மே மாசம் ஒரு விலை சொல்லிட்டு, வண்டி வாசல்ல நிக்கும்போது வேற விலை சொன்னா என்ன பண்றது?" என்று கேட்டார். குழுவின் இளம் மேலாளர், "ஐயாதான் நம்ம டெவில்ஸ் அட்வகேட்" என்றார். நாலு பேர் கை தட்டினார்கள். அப்பா காதில் விழுந்தது ‘டெவில்’ மட்டும்தான். "பேய்க்கு வக்கீல்னுட்டான், அதுவும் சிரிச்சிக்கிட்டே" என்று அன்றிலிருந்து கறுவிக்கொண்டிருக்கிறார். அது திட்டா? அவருக்கு எப்படி விளக்குவது?

பழைய_வாத்தியார்:
திட்டு இல்லை தம்பி. கத்தோலிக்கத் திருச்சபையில் ஒருவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கும் முன், அவருடைய குறைகளைத் தோண்டியெடுத்து வாதாட ஓர் அதிகாரி இருந்தார். 1587இல், போப் ஐந்தாம் சிக்ஸ்துஸ் காலத்தில் முறைப்படி ஏற்பட்ட பதவி. மக்கள் வைத்த பெயர்தான் ‘சாத்தானின் வக்கீல்’. ஓட்டை இருந்தால் இப்போதே தெரியட்டும் என்று சபையே உட்காரவைத்த ஆள் அவர். 1983இல் இரண்டாம் யோவான் பவுல் முறையை மாற்றி அந்த வேலையைச் சுருக்கிவிட்டார். அப்பாவிடம் பட்டிமன்றம் என்று சொல்லுங்கள், புரியும். மாமியாரோடு ஒற்றுமையாக இருப்பவர்கூட மேடையில் கொடுத்த அணிக்காக வெளுத்து வாங்குவார் இல்லையா, அதுதான்.

பர்கூர்_மருமகள்:
அங்கேதான் இடிக்கிறது. தன் கருத்தாக இல்லாததை வாதத்துக்காக எடுத்துப் பேசுகிறவருக்குத்தான் அந்தச் சொல். உங்கள் அப்பா வாதத்துக்காகவா கேட்டார்? பயத்தில் கேட்டார். மேலாளர் சொல்லைத் தப்பாகப் போட்டதோடு கேள்வியையும் விளையாட்டாக்கிவிட்டார். அது கிடக்கட்டும், பதில் சொன்னாரா?

பழைய_வாத்தியார்:
அம்மா சொல்வது சரி, நான் அதை யோசிக்கவில்லை. சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில் பரபக்கம் என்றே ஒரு பகுதி உண்டு. மறுக்கப்போகிற கொள்கையை முதலில் எடுத்துவைத்துவிட்டுத்தான் மறுப்பு வரும். இங்கே மறுப்பும் காணோம்.

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்:
பதில் சொல்லவில்லை அக்கா. கைதட்டலோடு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள். நேற்று ராத்திரி அப்பாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பேய் வக்கீலுக்குக்கூட இவ்வளவு கோபப்படவில்லை. "அப்ப நான் சும்மா வாயடிச்சேன்னு நெனச்சானா?" என்றார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துவைக்கச் சொல்லியிருக்கிறார். டன்னுக்கு எத்தனை கிலோ கழிவு பிடிப்பார்கள் என்றும் கேட்கப்போகிறாராம்.