சுரைக்காய் சாறு விஷயம்: புதுப்பிப்பு

போன மாதம் இங்கே பதறிப்போய் எழுதியிருந்தேன்: சர்க்கரைக்காக அப்பா வெறும் வயிற்றில் சுரைக்காயும் பாகற்காயும் சேர்த்து அடித்த சாறு குடித்தார், அரை மணி நேரத்தில் வாந்தி, வாந்தியில் ரத்தம். விசாரித்தவர்களுக்கு நன்றி, இப்போது நன்றாக இருக்கிறார். மூன்று நாள் டிரிப்ஸ், இரைப்பையில் புண். நேற்றுதான் இட்லி சாம்பாருக்கு வந்தார்.

பலர் பூச்சிமருந்து என்றீர்கள். டாக்டர் சொன்னது வேறு. சுரைக்காயிலேயே சில சமயம் குக்கர்பிட்டாசின் என்ற கசப்பு நச்சு ஏறிவிடும். பார்த்தால் தெரியாது, நாக்குக்குத்தான் தெரியும். முறிவு மருந்தும் கிடையாது. 2010-இல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி இதே கலவையைக் குடித்து இறந்தார். அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழு, கசக்கும் சுரைச்சாற்றைக் குடிக்கவே கூடாது, வேறு சாற்றோடு கலக்கவும் கூடாது என்றது. பாகற்காய் சேர்ந்தால் எது எதன் கசப்பு என்று யார் கண்டார்கள்?

அம்மா கூட்டுக்கு நறுக்கும்போது காம்புப் பக்கம் ஒரு சீவல் எடுத்து நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பார். கசந்தால் காய் குப்பைக்கு. ஆனால் மிக்ஸி அப்பாவின் இலாகா!

அப்புறம் இன்னொன்று. சர்க்கரையைக் குறைக்க அப்பா போடும் கிளிமிபிரைடு மாத்திரையோடு பாகற்சாறும் சேர்ந்தால் சர்க்கரை ரொம்பத் தாழலாமாம். காலையில் அடிக்கடி வியர்த்து, கை நடுங்கியதை அப்பா அப்போதுதான் ஒப்புக்கொண்டார். 'வெந்தயமாவது சாப்பிடலாமா?' என்று டாக்டரிடமே கேட்டார். 'சாப்பிடுங்க, என்கிட்ட சொல்லிட்டு' என்றார்.