ரவுண்ட் கோரா, ஹெக்ஸ் கோரா: அக்கூஸ்டிக் கிட்டார் கம்பியில் எது?

விரல்நுனி:
இத்தனை நாள் என் கிட்டாரில் டிஆர் கம்பெனியின் ரேர் கம்பிகளைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். போன மாதம் அதே கம்பெனியின் சன்பீமுக்கு மாறினேன். இரண்டிலும் தடித்த கம்பிகளின் மேல்சுற்று பாஸ்பர் பிரான்ஸ் என்ற வெண்கலம், இரண்டும் 12 செட், அதாவது மெல்லிய கம்பி 0.012 அங்குலம். வித்தியாசம் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பியில், அதாவது கோரில்: ரேரில் அறுகோணம் (ஹெக்ஸ்), சன்பீமில் உருண்டை (ரவுண்ட்). சத்தம் இதமாகிவிட்டது, இழுவிசையும் குறைவு. சுருதியை ஏற்றக் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி பெண்ட் பண்ணினால் விரல் நோகவே இல்லை. இனி ஹெக்ஸ் பக்கம் போக மாட்டேன்.

அரைக்கட்டை:
இதமான சத்தம் சரி. இழுவிசை குறைவு என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. சுருதி, ஸ்கேல் நீளம் (கம்பி அதிரும் நீளம்), கம்பியின் எடை மூன்றும் முடிவாகிவிட்டால் இழுவிசையும் முடிந்த கதை. உள்கம்பியின் வடிவம் அந்தக் கணக்கிலேயே வராது. உங்கள் விரலுக்குத் தெரிந்தது அது எளிதாக வளைகிறது என்பதுதான். அப்புறம், பெண்ட் பெரும்பாலும் முதல் இரண்டு கம்பியில்தானே? அவை வெறும் கம்பி. சுற்றே இல்லாததில் ரவுண்ட் என்ன, ஹெக்ஸ் என்ன?

விரல்நுனி:
பெண்ட் விஷயத்தில் மாட்டிக்கொண்டேன், சரி. ஆனால் அளவு ஒன்று என்பதால் எடையும் ஒன்றாகிவிடாது. உள்கம்பி எத்தனை தடிமன், மேல்சுற்று எத்தனை தடிமன் என்பது செட்டுக்குச் செட்டு மாறும். கையில் இலகுவாக இருப்பது எல்லாமே பிரமை இல்லை.

புதுக்கை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நானும் ரவுண்ட் கோர் வாங்கினேன். லோ ஈ, அதாவது தடித்த ஆறாவது கம்பி மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல 'தொப்'பென்கிறது. மற்ற ஐந்தும் நன்றாக இருக்கின்றன. கம்பி பழுதா?

அரைக்கட்டை:
மாட்டுவதற்கு முன்பே நுனியை வெட்டினீர்களா?

புதுக்கை:
ஆமாம் அண்ணா, அது மட்டும் ரொம்ப நீளமாக இருந்தது.

அரைக்கட்டை:
என் புகாரே இதுதான். ஹெக்ஸில் ஆறு முனைகளும் மேல்சுற்றைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். உருண்டையில் அந்தப் பிடி கிடையாது. சுருதி சேர்ப்பதற்கு முன் வெட்டினால் சுற்று நழுவித் தளர்ந்துவிடும், கம்பி செத்துவிடும். மேடையில் வாசிக்கும் எனக்குக் கம்பி அறுந்தால் அரை நிமிடத்தில் மாற்றியாக வேண்டும். இதற்கெல்லாம் பத்தியம் பார்க்க நேரம் ஏது?

விரல்நுனி:
பத்தியம் எல்லாம் இல்லை. வெட்டப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால் குறடால் செங்குத்தாக மடக்கிவிட்டு, மடக்குக்கு அப்பால் வெட்டினால் போதும். இல்லையென்றால் முழுச் சுருதிக்கு ஏற்றிவிட்டு வெட்டுங்கள். நான் வீட்டில் தனியாக, மீட்டும் வில்லை (பிக்) இல்லாமல் விரலால் வாசிக்கிறவன். எனக்கு இந்த ஒரு நிமிடம் பாரமில்லை.

புதுக்கை:
கடையில் ரவுண்ட் கோர் தனிக் கம்பியாக இல்லையாம். லோ ஈ மட்டும் ஹெக்ஸ் போட்டால் தெரியுமா?

அரைக்கட்டை:
தெரியும்.

விரல்நுனி:
நன்றாகவே தெரியும். அது பளிச்சென்று கேட்கும், பக்கத்து ஏ கம்பி மந்தமாக நிற்கும். போட்டுப் பார்த்துவிட்டு வந்து எழுது தம்பி.