விலுக்கப் போட்டால் சில வரியில் #என்/ஏ, சில வரியில் தப்பு ரேட்

திருப்பூர்_காஸ்டிங்
எக்செல் 2016ங்க. 'ஆர்டர்' ஷீட்டில் ஏ காலத்தில் துணி, பி காலத்தில் நூல் கவுண்ட் (நூலோட பருமனைச் சொல்ற எண்). ரேட் லிஸ்ட் 'துணி', 'நூல்'னு தனித்தனி ஷீட்ல இருக்கு. லிஸ்ட்ல தேடி ரேட் எடுக்கிற விலுக்கப் ஃபார்முலா:

துணிக்கு: =விலுக்கப்(ஏ2,துணி!ஏ:சி,3,0)
நூலுக்கு: =விலுக்கப்(பி2,நூல்!ஏ2:பி13,2)

மேல் வரிகள் சரியா வருது. கீழே போகப் போக 20ஆம் கவுண்டுக்கு #என்/ஏ ('தேடினது கிடைக்கலை'ங்கற பிழை). 34 இந்த வார லிஸ்ட்லயே இல்லை, ஆனா ஏதோ ஒரு ரேட் வந்து நிக்குது. துணியில '1*1 ரிப்'புக்கு (வரி வரியா இருக்கிற பின்னல் துணி) வேற ரேட் வருதுங்க.

ஈரோடு_கணக்கு
இஃப்எரர் ஃபங்ஷன் போட்டு, பிழை வர்ற இடத்துல 0 வர வச்சிருங்க, ஷீட் சுத்தமா இருக்கும்.

தறிமேடு
வேண்டாமுங்க. நூல் ரேட் 0ன்னு காஸ்டிங்ல ஏறினா கொட்டேஷன் போனப்புறம்தான் தெரியும். #என்/ஏ கண்ணுக்குத் தெரியறதே நல்லது.

நூல் ஃபார்முலாவில் ரெண்டு கோளாறு. இழுக்க இழுக்க ஏ2:பி13ங்கறது ஏ3:பி14, ஏ4:பி15ன்னு நகருது. லிஸ்ட்ல மேல இருக்கிற 20 வெளியே போயிருது. ரேஞ்சைத் தேர்ந்து எஃப்4 அழுத்துங்க, டாலர் குறி விழும், அப்புறம் நகராது. அடுத்தது, கடைசியில் 0 இல்லை. விட்டுட்டா 'கிட்டத்தட்ட' தேடல்னு எடுத்துக்கும். 34 கிடைக்காட்டி அதைவிடச் சின்னதா லிஸ்ட்ல இருக்கிற பக்கத்து எண்ணோட ரேட்டைக் கொடுக்கும். லிஸ்ட் ஏறுவரிசையில் இல்லைன்னா அதுவும் தப்பாத்தான் வரும்.

=விலுக்கப்(பி2,நூல்!$ஏ$2:$பி$13,2,0)

திருப்பூர்_காஸ்டிங்
34க்கு இப்ப #என்/ஏ, அது சரிதானுங்க. ஆனா லிஸ்ட்ல கண்ணுக்கு நேரா இருக்கிற 30க்கும் #என்/ஏ வருதே?

தறிமேடு
லிஸ்ட் வாட்ஸ்அப்லயோ பிடிஎஃப்லயோ இருந்து ஒட்டினதா? அப்ப அந்த 30 எண் இல்லை, எழுத்து. செல்லில் இடப்பக்கம் ஒட்டி நிக்கும். அந்த 30 ஏ7ல இருந்தா, நூல் ஷீட்ல காலியான செல்லில் =லென்(ஏ7) போடுங்க, எத்தனை எழுத்துன்னு சொல்லும். 2 வந்தா: ஏ காலத்தைத் தேர்ந்து டேட்டா, டெக்ஸ்ட் டு காலம்ஸ், நேரா ஃபினிஷ். 3 வந்தா ஒளிஞ்ச இடைவெளி ஒண்ணு இருக்கு. இணையப் பக்கத்துல இருந்து வர்ற இடைவெளி (எண் 160) இடைவெளி நீக்குற டிரிம் ஃபங்ஷனுக்கு அசையாது. பக்கத்துக் காலத்தில் =சப்ஸ்டிடியூட்(ஏ7,சார்(160),"")*1 போட்டு, வந்ததை வேல்யூவா மேல ஒட்டிருங்க.

கரூர்_பெட்ஷீட்
ரிப்புக்கு விலுக்கப்புக்குப் பதிலா இண்டெக்ஸ், மேட்ச் ஃபங்ஷன் ரெண்டையும் சேர்த்துப் போட்டா சரியாயிடும்.

தறிமேடு
ஆகாதுங்க, மேட்ச்சும் அதே வேலையைத்தான் செய்யும். குற்றவாளி அந்த நட்சத்திரம். எழுத்தைத் தேடும்போது * குறி 'நடுவுல எது வேணா இருக்கலாம்'னு அர்த்தம். 1இல் தொடங்கி '1 ரிப்'னு முடியிற எதுவும் பொருந்தும். லிஸ்ட்ல '180 ஜிஎஸ்எம் 1*1 ரிப்' மேல இருந்தா, முதல்ல கண்ணுல படற அதோட ரேட்டை எடுத்துட்டு வந்துரும். நட்சத்திரத்துக்கு முன்னால ~ வச்சா வெறும் குறியாப் பாக்கும்:

=விலுக்கப்(சப்ஸ்டிடியூட்(ஏ2,"*","~*"),துணி!$ஏ:$சி,3,0)

எக்ஸ்லுக்கப்னு புதுத் தேடல் ஃபங்ஷன் ஒண்ணு இருக்கு, அதுல இந்தத் தொல்லை இல்லை, கேட்டாலொழிய நட்சத்திரத்தை விரிக்காது. ஆனா அது 2021லயும் அதுக்குப் பிந்தின எக்செல்லயும் 365லயும்தான், உங்க 2016ல வராது. லிஸ்ட்ல 1x1னு பெருக்கல் குறிக்கு எக்ஸ் எழுத்து போட்டுப் பழகிட்டா இத்தனை சுத்தே வேண்டாம்.

திருப்பூர்_காஸ்டிங்
ரிப் சரியாயிருச்சுங்ணா. 30ல லென் 3 காட்டுச்சு, அதுவும் தீந்துச்சு. காலர் நூல் 2/40 மட்டும் 'பிப்-40'னு நிக்குது.

தறிமேடு
சாய்வுக் கோட்டைத் தேதின்னு நினைச்சிருச்சு. இப்ப ஃபார்மேட்டை டெக்ஸ்ட்டுக்கு மாத்தினா அஞ்சு இலக்க எண் ஒண்ணுதான் மிஞ்சும். மொதல்ல டெக்ஸ்ட் ஆக்கி, அப்பறம் 2/40னு திரும்ப அடிங்க. ரெண்டு ஷீட்லயும்.