டியூ-22எம்3 மூக்கில் குழாய் உண்டா?

அரக்கோணத்தான்:
ரஷ்யாவிடம் 120 நெடுந்தூரக் குண்டுவீச்சு விமானங்கள் இருந்தனவாம், 2025 ஜூன் 1 அன்று உக்ரைன் அதில் 41-ஐ அடித்ததாம். கணக்குப்பிள்ளை நேற்று இப்படி எழுதியதைப் படித்து எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கண்டம் தாண்டும் பெரிய விமானங்களில் டியூ-95எம்எஸ் அறுபதுக்குச் சற்று முன்பின், டியூ-160 பதினைந்து பதினாறு. கூட்டினால் எண்பதைத் தொடுவதே பாடு. மிச்சத்தை அவற்றைவிடக் குறைந்த தூரமே பறக்கும் டியூ-22எம்3 போட்டு நிரப்பியிருக்கிறார். வானிலேயே எரிபொருள் வாங்கும் குழாய் அதன் மூக்கில் உண்டா? அது இல்லாமல் அமெரிக்கா வரை போய்த் திரும்புமா?

கணக்குப்பிள்ளை:
நானாகச் சொல்லவில்லை ஐயா. அந்த ஜூன் 1 ட்ரோன் தாக்குதலான 'சிலந்தி வலை' முடிந்ததும் உக்ரைன் சொன்ன கணக்கு: 41 விமானங்கள், ஏவுகணை சுமப்பவற்றில் 34 விழுக்காடு. வகுத்துப் பாருங்கள், 120 வருகிறது. 2023 ஜனவரியில் உக்ரைனின் தினிப்ரோ நகரில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல் விழுந்த ஏவுகணையை வீசியது டியூ-22எம்3 என்றுதான் உக்ரைன் சொல்கிறது. அங்கே போய்க் குழாயைப் பற்றிப் பேசுங்கள்.

அரக்கோணத்தான்:
குழாய்க்குப் பதில் வரவில்லை. 1979-இல் அமெரிக்காவோடு சால்ட்-2 என்ற அணு ஆயுதக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை போட்டபோது இந்த விமானத்தைக் கண்டம் தாண்ட விடமாட்டோம் என்று சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் வாக்குக் கொடுத்தார். குழாயைக் கழற்றினார்கள். பின்னால் ரஷ்யாவும் அமெரிக்காவும் போட்ட புதிய ஸ்டார்ட் உடன்படிக்கையிலும் இது கனரகக் குண்டுவீச்சு விமானக் கணக்கில் வரவில்லை. அந்த 41-இல் ஏ-50 வேறு இருக்கிறது. அது ரேடார் விமானம், தம்பி. அதற்கு எங்கே குண்டு?

வடதுருவம்:
அமெரிக்க அதிகாரிகள் சொன்னது வேறு. அடிபட்டது சுமார் 20, முற்றாக அழிந்தது சுமார் 10. அதோடு, தரையில் நிற்பதெல்லாம் பறக்குமா? 2023-இல் ரஷ்யாவின் எங்கெல்ஸ் விமானத் தளத்தில், பார்ப்பவரைக் குழப்ப, இறக்கைமேல் பழைய டயர்களைப் பரப்பி வைத்தார்கள். தளத்தின் தரையில் விமானத்தைப் படமாகவே வரைந்தார்கள். செயற்கைக்கோள் படத்தில் எண்ணுகிறவர் எதைத்தான் எண்ணுவார்?

கணக்குப்பிள்ளை:
வரைந்த விமானத்துக்கும் ஐயா குழாய் தேடுவார்.

அரக்கோணத்தான்:
கிண்டல் வேண்டாம். டியூ-95-இன் தம்பியான டியூ-142, 2017 வரை எங்கள் ஊர் ராஜாளி கடற்படைத் தளத்தில் இருந்தது. நான்கு இயந்திரம், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு விசிறி. அது கிளம்பினால் எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். எனக்குப் பாடம் எடுக்க வராதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
அது நீர்மூழ்கி தேடிய விமானம். தம்ளர் ஆடியதால் ஒருவர் நிபுணர் ஆகிவிடுவாரா? போன மாதம் நீர்மூழ்கிக் கணக்கில் நீங்கள் சறுக்கியதை இங்கே யாரும் மறக்கவில்லை.

அரக்கோணத்தான்:
அது அச்சுப்பிழை என்று அன்றே எழுதினேன். குழாய் அச்சுப்பிழை இல்லை.

சும்மா வந்தவன்:
விழுக்காடா, சதவீதமா? முதலில் அதை முடிவு செய்யுங்கள்.

கணக்குப்பிள்ளை:
விழுக்காடுதான் தமிழ்.

சும்மா வந்தவன்:
அப்படியானால் 'ரேடார்' எந்த ஊர்த் தமிழ்? அவரையும் கேளுங்கள்.

வடதுருவம்:
இந்தச் சண்டைக்கு நடுவே ஒன்று. உக்ரைன் தன் பிரிலூகி விமானத் தளத்தில் நின்ற டியூ-160-களில் எட்டையும் கூடவே மூன்று டியூ-95எம்எஸ்-ஐயும் எரிவாயுக் கடனுக்காக ரஷ்யாவிடமே கொடுத்தது. 1999-2000-இல் நடந்தது. மொத்தமே பதினைந்து பதினாறு என்றால், எட்டு என்பது எவ்வளவு?

அரக்கோணத்தான்:
அந்த எட்டுக்கும் குழாய் உண்டு. அதனால்தான் அவை கணக்கில் வருகின்றன.

கணக்குப்பிள்ளை:
கடவுளே.

அரக்கோணத்தான்:
அந்தத் தாக்குதலில் சைபீரியாவின் பெலாயா தளத்தில் எரிந்த டியூ-22எம்3 படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மூக்கில் ஒன்றுமே இல்லை.

கணக்குப்பிள்ளை:
எரிந்தபின் மூக்கே இல்லை, ஐயா.

அரக்கோணத்தான்:
பக்கத்தில் எரியாமல் நிற்பதைப் பாருங்கள்.