மகனுக்குச் சனிக்கிழமை பூப்பந்து, எங்களுக்குப் பாடகர் குழு. என்ன செய்வது?

செம்பனை அப்பா:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருக்கிறேன். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போனால் வீடு திரும்ப மூன்று மணி. அதற்கப்புறம் சபைதான். செவ்வாய் எங்கள் வீட்டில் வீட்டுக்கூட்டம், புதன் உபவாச ஜெபம், வெள்ளி வாலிபர் கூட்டம் (சாவி என்னிடம்), சனி மாலை பாடகர் குழு. ஞாயிறு முழுதாகப் போய்விடும்.

மகன் நான்காம் படிவம், அடுத்த ஆண்டு எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு). பூப்பந்து நன்றாக ஆடுவான். பள்ளியில் பயிற்சி சனி நாலு மணிக்கு, பாடகர் குழு ஐந்துக்கு. கீபோர்ட் வாசிப்பவனே அவன்தான். "பயிற்சி வேண்டாம்" என்றேன். ஒன்றும் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து, குடும்ப ஜெபம் முடிந்ததும் கேட்டான்: "அப்பா, ஜெபம் பண்ணும்போது மட்டும்தான் என் பேரச் சொல்றீங்க, தெரியுமா?"

யோசித்துப் பார்த்தேன். மற்ற நேரமெல்லாம் "டேய்"தான். "டேய், பாட்டு பழகினியா?"

தோட்டத்தில் செம்பனை மட்டையை அளவுக்கு மேல் வெட்டுகிறவனை நான் திட்டுவேன். குலைக்குக் கீழே இரண்டு மட்டையாவது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் காய்ப்பு குறைந்துவிடும். வீட்டில் அதே வேலையை நான் செய்கிறேனோ? கூட்டங்களைக் குறைத்தால் பையன் விசுவாசத்தை விட்டு நழுவிவிடுவானோ என்றும் பயம்.

பழைய டீச்சர்:
தம்பி, சிறுவன் இயேசு வளர்ந்ததைச் சொல்லும் லூக்கா 2:52 உங்களுக்குத் தெரியாததல்ல. ஞானம், உடல் வளர்த்தி, தேவகிருபை, மனிதர் தயவு என்று நாலையும் ஒரே வரியில் சொல்கிறது. அதற்கு முந்தின கதையை ஒரு தடவை வாசியுங்கள். பஸ்கா பண்டிகைக்குப் போன அந்த 12 வயதுப் பிள்ளை எருசலேமிலேயே தங்கிவிட்டது. கூட்டத்தோடுதான் வருகிறது என்று நினைத்து, பெற்றோர் ஒரு நாள் தூரம் நடந்தே போய்விட்டார்கள்! கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. நம் பிள்ளையும் கூட்டத்தில் இருக்கிறான் என்று நாம் நிம்மதியாக நடந்துகொண்டிருக்கிறோம். கீபோர்டுக்கு வேறு பிள்ளையைப் பழக்குங்கள், அதற்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கட்டும்.

கிள்ளான்காரன்:
அக்கா மன்னிக்க வேண்டும், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதலில் சனிக்கிழமை என்பார்கள், அப்புறம் ஞாயிறு காலையில் போட்டி என்பார்கள். என் மூத்தவன் அப்படித்தான் போனான், இப்போது கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருகிறான். பையனை விடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஞாயிறு ஆராதனையைத் தொடக்கூடாது என்று இப்போதே பேசிவிடுங்கள்.

பாஸ்டர் வீட்டுப் பெண்:
எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபம் இரவு பத்து மணிக்கு, முக்கால் மணி நேரம். தம்பி முழங்காலில் நின்றபடியே தூங்குவான். அப்பா அதை ஆழ்ந்த ஜெபம் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாதான் ஒரு நாள் அதைச் சாப்பாட்டு மேசைக்கு மாற்றினார். பத்தே நிமிடம். அன்றைக்கு நடந்த ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவர் அதற்காக ஜெபிக்க வேண்டும். அப்பாவுக்கும் விதிவிலக்கு இல்லை. சபைக் கணக்கில் 300 வெள்ளி (ரிங்கிட்) இடிக்கிறது, தூக்கம் வரவில்லை என்று அப்பா சொன்னது அங்கேதான். அதற்காக ஜெபித்தது ஒன்பது வயதுத் தம்பி. கிள்ளான் ஐயா சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் நாங்கள் இருவரும் இன்னும் சபையில் இருப்பதற்கு அந்த 300 வெள்ளியும் ஒரு காரணம்.

செம்பனை அப்பா:
எல்லாருக்கும் நன்றி. செவ்வாய்க் கூட்டத்தை மாதம் இரண்டு முறை வேறு வீட்டில் வைக்கச் சபை மூப்பர் சம்மதித்துவிட்டார். மனைவிக்குத்தான் பெரிய நிம்மதி. இருபது பேருக்கு வாரா வாரம் தேநீர் போட்டது அவர், மேலே எழுதும்போது அதைக்கூட நான் சொல்லவில்லை பாருங்கள்.

ஞாயிறு பற்றி மகனிடம் பேசினேன், "அது தெரியும்பா" என்றான். நேற்றுப் பள்ளி மண்டபத்துக்குப் போய் உட்கார்ந்தேன். 11 புள்ளியில் ஏன் நிறுத்தித் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கேட்டேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து விளக்கினான். கீபோர்டுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. நேற்று பாடகர் குழு வெறும் கைத்தட்டலோடு பாடியது.