பங்களாதேஷ் கத்தரி இலங்கைக்கு வரலாமா?

மெனிங் சந்தைக்காரன்:
பேலியகொடை மெனிங் சந்தையில் கத்தரி மூட்டையைக் கொட்டினால் கை முதலில் தேடுவது ஓட்டையைத்தான். புழு காய்க்குள் போய்விட்டால் எந்த மருந்தும் அதைத் தொடாது. அதனால் தோட்டக்காரர் முன்கூட்டியே அடித்துத் தள்ளுகிறார்கள். நேற்று அடித்த காய் இன்று லொறியில் வருகிறது, அதைத்தான் கொழும்பே தின்கிறது. பங்களாதேஷ் 2013இல் பி.டி. கத்தரிக்கு அனுமதி கொடுத்தது. பி.டி. என்கிற மண் பக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த செடி. தின்ற புழு செத்துப்போகும். மருந்துச் செலவு பாதியளவுக்குக் குறைந்ததாக அங்கே நடந்த கள ஆய்வு சொல்கிறது. நமக்கு மட்டும் என்ன தயக்கம்?

வெள்ளவத்தை அக்கா:
2021 மறந்துபோச்சா அண்ணா? திடீரென்று இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள், நவம்பரில் விலக்கினார்கள், இடையில் போன விளைச்சலுக்கு யார் பொறுப்பு? கொழும்பில் இருந்துகொண்டு யாராவது தீர்வு சொன்னாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இந்தியாவில் 2002இல் பி.டி. பருத்தி வந்தது. தொடக்கத்தில் நல்ல விளைச்சல்தான். ஆனால் கலப்பின விதை, வருஷா வருஷம் கடையில் வாங்க வேண்டும். பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்கும் பழகிவிட்டது. விதைக்கும் காசு, மருந்துக்கும் காசு.

மெனிங் சந்தைக்காரன்:
உரத்தடையைக் கொண்டுவந்து இதில் ஒட்டாதீர்கள் தங்கச்சி. அது யாரையும் கேட்காமல் செய்தது. பங்களாதேஷ் கத்தரி கலப்பினமும் இல்லை. அரசு ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகம், விதை எடுத்து வைத்து அடுத்த போகம் போடலாம்.

வெள்ளவத்தை அக்கா:
மரபணு இந்தியக் கம்பெனி கொடுத்ததுதானே? அந்த இந்தியாவிலேயே 2010இல் அமைச்சர் ஜெயராம் ரமேஷ் பி.டி. கத்தரியை நிறுத்திவைத்தார்.

சுன்னாகத்தான்:
இரண்டு பேரும் தோட்டத்துக்குள் இறங்குங்கள். அப்பா நான்கு பரப்பில், அதாவது கால் ஏக்கரில் கத்தரி போடுகிறார். புழு பழகாமல் இருக்க ஓரமாகச் சாதாரணக் கத்தரியும் நட்டு, அதைப் புழுவுக்கே விட வேண்டுமாம். நான்கு பரப்புக்காரன் புழுவுக்குப் பங்கு கொடுப்பானா? ஓட்டை விழுந்த காயைப் பார்த்ததும் அப்பா மருந்துத் தாங்கியை முதுகில் மாட்டிவிடுவார். வெள்ளை ஈக்கு எப்படியும் அடிக்கத்தான் வேண்டும், பி.டி. அதை ஒன்றும் செய்யாது.

வெள்ளவத்தை அக்கா:
அதைத்தான் நானும் சொல்கிறேன் தம்பி. பி.டி. இல்லாமலே வாடின குருத்தை ஒடித்து எரிக்கலாம், ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாம்.

சுன்னாகத்தான்:
வைத்தோம் அக்கா. பக்கத்துத் தோட்டத்தில் வைக்கவில்லை. அந்துப்பூச்சி வேலியைப் பார்த்து நிற்குமா? நான் பி.டி.க்கு எதிரி இல்லை. விதை விவசாயத் திணைக்களத்தின் கையில் இருந்தால், ஊர் முழுக்கச் சேர்ந்து நட்டால், ஒரு போகம் போட்டுப் பார்க்கலாம். சந்தைக்கார அண்ணா, 2006 ஒழுங்குவிதிப்படி மரபணு மாற்றிய உணவென்றால் லேபல் போட வேண்டும். மூட்டையில் வருகிற கத்தரிக்கு எங்கே ஒட்டுவீர்கள்? ஒட்டினால் வாங்குவார்களா?

மெனிங் சந்தைக்காரன்:
விலை இருபது ரூபாய் குறைந்தால் வாங்குவார்கள் தம்பி. ஆனால் அந்த இருபது ரூபாய் உங்கள் அப்பா தலையில்தான் விழும், அதையும் சொல்லிவிடுகிறேன்.