மறைந்தவர் பெயரில் மின் இணைப்பு: சூரிய மின் மானியம் கிடைக்குமா?

கேள்வி (திருச்சி): எங்கள் மாடியில் 3 கிலோவாட் சூரிய மின்தகடுகள் பொருத்த எண்ணியுள்ளோம். மின் இணைப்பு காலஞ்சென்ற மாமனாரின் பெயரிலேயே உள்ளது. பிரதமரின் சூர்ய கர் திட்ட மானியம் கிடைக்குமா? 5 கிலோவாட் பொருத்தினால் தொகை கூடுமா?

பதில் 1: 5 கிலோவாட் பொருத்தினாலும் மானியத் தொகை அதிகரிக்காது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய இத்திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் சேர்ந்து 78,000 ரூபாயே உச்சவரம்பு.

பதில் 2: பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிடுங்கள் அம்மா, இணைப்பும் விண்ணப்பமும் வங்கிக் கணக்கும் ஒரே பெயரில் இருப்பதே நல்லது. மேலும், தகடுகளைப் பொருத்தி, இருவழி மீட்டர் (வாங்கும் மின்சாரத்தையும் வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் அளப்பது) மாற்றி, மின்வாரிய ஆய்வும் முடிந்த பின்னரே மானியம் கணக்கில் வரவு வைக்கப்படும் என்பதால், முழுத் தொகையையோ வங்கிக் கடனையோ முன்னதாகவே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

பதில் 3: விலை மலிவு என்று இறக்குமதித் தகடுகளை வாங்கிவிடாதீர்கள், தகடும் அதனுள் இருக்கும் சூரிய மின்கலங்களும் (சோலார் செல்) இந்தியத் தயாரிப்பாக இருந்தால்தான் மானியம் உண்டு. விற்பனையாளர் பலர் சொல்லாமல் விடும் இன்னொன்று: பேட்டரி இல்லாத அமைப்பு, மின்தடையின்போது நண்பகல் வெயிலிலும் இயங்காது.